இடது காதில் ஒரு வெட்டு

சித்தூர்,
9 ஜூன் 1931

பிரியமான மணிக்கு,

லோயிஸ் அக்கா எழுதுகிறேன். நாளை மறுநாள் புத்தூர் ஆட்டு வியாபாரி கோவர்த்தனன் இருபது செம்மறிப் பெட்டைகளை விஜயபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு வருவான். அத்தனையும் என்னுடையவை. இந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியதில் எனக்கு மிஞ்சியது இந்த இருபது ஆடுதான் என்று வைத்துக்கொள். ஒவ்வொன்றுக்கும் இடது காது நுனியில் கவட்டை மாதிரி வெட்டியிருக்கும். அது என் அடையாளம்.

ஊரில் எல்லாரும் விடுகிற மாதிரியே வாரத்துக்கு விடுகிறேன். மேய்ப்பதும் காப்பதும் உன்னுடைய, உன் வீட்டுக்காரர் அசரியாவுடைய பொறுப்பு. மூன்று வருஷம் கழித்து என் இருபது எனக்கு வந்துவிட வேண்டும். பெருகியதில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி. இடையில் ஏதாவது செத்தால், வெட்டுள்ள காதை அறுத்துச் சொந்தக்காரனிடம் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் மேய்க்கிறவன் தன் பங்கிலிருந்து ஈடு கட்ட வேண்டுமாம். கோவர்த்தனன் இதைப் பெரிய சட்டம் மாதிரி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடப் பிறந்தவளிடம் காது கேட்கிற அளவுக்கு நான் இன்னும் போகவில்லை. செத்தது என்று நீ ஒரு வரி எழுதினால் எனக்குப் போதும்.

ஆடு வளர்ப்பது பற்றிச் சர்க்கார் அச்சடித்த துண்டுப் பிரசுரம் ஒன்றும் கூட வைத்திருக்கிறேன். அசரியாவுக்குப் படித்துக் காட்டு.

லோயிஸ்


விஜயபுரம்,
2 பிப்ரவரி 1932

அக்காவுக்கு மணி எழுதுவது.

ஆடு தானாக மேய்கிறது, குட்டி தானாகப் பிறக்கிறது, உங்களுக்கு அப்படி என்னதான் வேலை என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். விளையாட்டுக்குக் கேட்டாயோ என்னவோ, எனக்குச் சுருக்கென்றது. சொல்கிறேன், கேட்டுக்கொள்.

விடிந்ததும் பட்டியைக் கூட்டிப் புழுக்கையைக் கூடையில் வாரி நிலத்துக்குச் சுமக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஈரத்தில் நின்றால் இடுக்கில் புண் வந்துவிடும், வேப்பெண்ணெய் தடவ வேண்டும். இருபது ஆட்டுக்கு எண்பது குளம்பு அக்கா. பனி உலர்வதற்கு முன்னால் ஓட்டக்கூடாது, ஈரப்புல் வயிற்றை ஊதவைத்துவிடும். வெயில் ஏறிவிட்டாலோ ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நின்றுவிடும், நகராது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டு வர வேண்டும். புல் காய்ந்த மாதத்தில் தொரட்டியால் கருவேல நெற்று உலுக்கிப் போடுகிறோம். மலையடிவாரத்தில் நாலு அடி உள்ளே போனால் ஃபாரஸ்ட் கார்டு பிடித்துச் சர்க்கார் பவுண்டுப் பட்டியில் அடைத்துவிடுகிறான்.

இந்த முறை மூன்று தாய்கள் குட்டியைச் சேர்க்கவில்லை. தாயை என் கால் இடுக்கில் பிடித்துக்கொண்டால்தான் குட்டி ஊட்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, மூன்று தாய். என் முழங்காலைப் பார்த்தால் நீ அழுவாய், அல்லது அழமாட்டாய், தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் புடவையில் ஆட்டு வாடை அடிக்கிறது என்று உபதேசியார் மனைவி நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்குப் பார்த்து உபதேசியார் நல்ல மேய்ப்பனைப் பற்றித்தான் பிரசங்கம் பண்ணினார். அவர் ஒருநாள்கூட ஆட்டுக்குப் பின்னால் நடந்தவர் இல்லை என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்துபோயிற்று.

துண்டுப் பிரசுரத்தைப் படித்துக் காட்டினேன். தினமும் ஆட்டுக்கு அரை ராத்தல் புண்ணாக்கு என்று வந்த இடத்தில் அசரியா எழுந்து வெளியே போய்விட்டார். அவர் அதிகம் பேசமாட்டார், உனக்குத் தெரியும். ஆனால் இருபதையும் முகம் பார்த்துச் சொல்வார். கூட்டத்தில் ஒன்று இருமினால் எது என்று திரும்பாமலே தெரியும் அவருக்கு.

எனக்கு ஒரே ஒரு ஆசை. என் பங்கு வந்ததும் அவற்றுக்கு வலது காதில் வெட்டுப் போடப்போகிறேன். பிள்ளை இல்லாத வீடு. நாளைக்கு உடம்பு விழுந்தால் யார் கையை எதிர்பார்ப்பது? பத்துப் பெட்டை சொந்தமாக நின்றால் அது போதும்.

மணி


விஜயபுரம்,
11 ஆகஸ்ட் 1934

அக்காவுக்கு,

நல்ல செய்தி இல்லை. உன் ஆடுகளில் நான்கு போய்விட்டன. எல்லாம் இடது காதில் வெட்டுள்ளவை. சாயங்காலம் நன்றாக மேய்ந்துவிட்டு வந்த ஆடு காலையில் பட்டியில் விறைத்துக் கிடக்கிறது. மூக்கில் கருப்பாக ரத்தம். அசரியா பார்த்ததுமே அடைப்பான் நோய் என்று சொல்லிவிட்டார்.

புத்தூரிலிருந்து மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். அவரும் அதையேதான் சொன்னார். தோலை உரிக்கக்கூடாது, அறுக்கக்கூடாது, அதன் ரத்தம் மனுஷன் புண்ணில் பட்டால் மனுஷனையும் கொண்டுபோய்விடும், அப்படியே ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று நின்று புதைக்கவைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினார். பாறை நிலம். நான்கு குழிக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு பகல் முழுக்கக் கடப்பாரை போட்டோம். பட்டியை மேட்டு நிலத்துக்கு மாற்றிவிட்டோம்.

மூன்று வருஷம் முடிந்துவிட்டது. ஐப்பசியில் பங்கு பிரிக்க நீ வருவதாகச் சொல்லியிருந்தாய். பெருகியது இருபத்திரண்டு நிற்கிறது. உன்னுடையதில் பதினாறு. வா, உன் கண்ணாலேயே பார்த்துக்கொள்.

மணி


சித்தூர்,
19 ஆகஸ்ட் 1934

மணிக்கு,

கடிதம் கிடைத்தது. வருத்தம்தான். ஆனால் மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கோவர்த்தனன் போன வாரம் அவன் அக்காள் மகளைப் பள்ளியில் சேர்க்க வந்தான். ஆனி மாதக் கடைசியில் புத்தூர்ச் சந்தையில் அசரியா இரண்டு ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தானாம். ஆட்டை விற்றுவிட்டுச் செத்துப்போனது என்று சொல்வது வாரக்காரர்கள் எல்லாரும் செய்கிறதுதான் அம்மா, அதனால்தானே காது கேட்கிற வழக்கமே வந்தது என்றும் சொன்னான். டாக்டர் தொடக்கூடாதென்று சொன்னார் என்பதும் புதிதாகக் கேட்கிற கதை இல்லையாம்.

நான் உன்னைச் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் சந்தைக்குப் போனது உனக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் நான்கு ஆடு என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. இனிமேல் ஏதாவது செத்தால் காது வர வேண்டும். இந்த நான்குக்கும் காது இல்லாததால் வழக்கப்படி உன் பதினொன்றில் நான்கு எனக்கு.

லோயிஸ்


விஜயபுரம்,
27 ஆகஸ்ட் 1934

லோயிஸ் டீச்சரம்மாவுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

சந்தையில் அவர் பிடித்துக்கொண்டு நின்றது பக்கத்து வீட்டு நாகையாவின் கிடாய்கள். நாகையா கால் முறிந்து கிடக்கிறான், அவனுக்காகப் போனார். எனக்குத் தெரிந்துதான் போனார், கட்டுச்சோறு கட்டிக் கொடுத்ததே நான்தான். கோவர்த்தனனுக்கு அது தெரியாமல் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவன் இங்கே வந்து, டீச்சரம்மா பெட்டைகளில் மூன்றை ஓசைப்படாமல் எனக்குத் தள்ளிவிடு, அந்த அம்மா சித்தூரிலிருந்து என்ன கண்டாள் என்று இவரிடமே கேட்டான். இவர் வாசலைக் காட்டினார். அந்தக் கோபத்தை அவன் உன்னிடம் வந்து தீர்த்துக்கொண்டிருக்கிறான், நீயும் நாற்காலி போட்டுக் கேட்டிருக்கிறாய்.

கூடப் பிறந்தவளிடம் காது கேட்க மாட்டேன் என்று எழுதினவள் நீ. அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. காது வேண்டும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஊரில் எல்லாரும் செய்கிற மாதிரி உனக்கும் செய்திருப்போம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா படுத்த படுக்கையானபோது நாலாவது வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். உன்னை ஹாஸ்டலுக்கு அனுப்பினார்கள். யாராவது ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும் என்று நைனா சொன்னார், நான் இருந்தேன். அம்மாவின் மலத்தை அள்ளினேன், இப்போது உன் ஆட்டின் புழுக்கையை அள்ளுகிறேன். இரண்டுக்கும் நீ வந்து நின்றது கணக்குப் பார்க்க மட்டும்தான்.

என் பதினொன்றில் ஒரு குட்டியை நீ தொட முடியாது.

ஞானமணி


சித்தூர்,
4 செப்டம்பர் 1934

மணி,

உன் கடிதத்தைப் படித்தேன். அம்மாவை இழுத்திருக்கிறாய். நான் சம்பளம் வாங்கிய முதல் மாதத்திலிருந்து உன் கல்யாணம் வரைக்கும் வீட்டுக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்று நைனா உனக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. உனக்குப் பிறகு என்னைக் கட்டிக்கொடுக்கலாம் என்றார்கள். பிறகு என்றால் எப்போது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு வயது நாற்பத்தாறு. வேலையை விட்டு நின்ற அன்றைக்கே இந்த அறையைக் காலி பண்ண வேண்டும். எங்கள் பழைய தமிழ் டீச்சர் போன வருஷம் நின்றார். இப்போது மிஸ்ஸியம்மா வீட்டுச் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், ஆயாமார்களோடு. நாற்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர். தினமும் அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். நீ புழுக்கை அள்ளுவதைச் சொல்கிறாய். எனக்கு அந்தக் கட்டில் கண்ணில் நிற்கிறது.

நாகையாவின் கிடாய் என்கிறாய், சரி. நீ ஒன்று சொல்கிறாய், அவன் ஒன்று சொல்கிறான். நடுவில் எனக்கு நம்ப என்ன இருக்கிறது? காது இருந்தால் நான் யாரையும் நம்ப வேண்டியதில்லை, யாரையும் சந்தேகப்படவும் வேண்டியதில்லை. அதற்காகத்தான் கேட்கிறேன். ஐப்பசியில் வருவேன். அதுவரைக்கும் செத்தது ஒவ்வொன்றுக்கும் காது வேண்டும். பழைய நான்கைப் பற்றி அப்போது பார்த்துக்கொள்வோம்.

லோயிஸ்


விஜயபுரம்,
23 செப்டம்பர் 1934

அக்காவுக்கு,

நேற்று முன்தினம் இன்னும் இரண்டு போயின. நீ கேட்டது பார்சலில் வருகிறது. உப்புப் போட்டு இலையில் சுற்றி டப்பியில் வைத்திருக்கிறேன். வெட்டைப் பார்த்துக்கொள்.

மணி


சித்தூர்,
30 செப்டம்பர் 1934

மணிக்கு,

பார்சல் வந்தது. டப்பியைத் திறந்து இரண்டையும் கழுவிப் பார்த்தேன். வெட்டு என்னுடையதுதான். பள்ளித் தோட்டத்தில் புதைத்துவிட்டேன்.

இதை முதலிலேயே செய்திருந்தால் நமக்குள் இத்தனை பேச்சு வந்திருக்காது. நானும் யோசித்துப் பார்த்தேன். பழைய நான்கில் இரண்டை விட்டுவிடுகிறேன். இரண்டை மட்டும் நீ ஈடு கட்டு. உனக்கு ஒன்பது நிற்கும். இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது. அசரியாவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

லோயிஸ்


சித்தூர்,
6 அக்டோபர் 1934

மணி, இதைப் படித்த உடனே அசரியாவின் கையையும் உன் கையையும் பார்.

நேற்று பள்ளிக்கு வருகிற டாக்டரம்மாவிடம் பேச்சுவாக்கில் ஆட்டுக்காது வந்த கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இருந்ததா, கொப்புளம் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டப்பியை எரித்துவிட்டோம், புதைத்த இடத்தில் சுண்ணாம்பு கொட்டிவிட்டோம். உன் மாட்டு டாக்டர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நிஜமாம்.

உன்னிடம் மறைக்கவில்லை. ஒரு மணி நேரம் என் கையைப் பற்றி மட்டும்தான் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் அந்தக் காதை அறுத்த கை ஒன்று இருக்குமே என்று தோன்றியது.

யார் அறுத்தது? கையில் வலியில்லாத கொப்புளம், நடுவில் கருப்பாக ஏதாவது வந்திருந்தால் ஒரு நாள்கூட வைத்திருக்காதே. வண்டி கட்டி இங்கே கொண்டுவா. ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்திருக்கிறேன். ஊசி இருக்கிறதாம், ஆரம்பத்திலேயே போட்டால் பிழைக்கவைத்துவிடலாமாம். ஆடுகளை எல்லாம் நீயே வைத்துக்கொள். எனக்கு ஒன்றும் வேண்டாம். பதில் போடு மணி, நாளைக்கே போடு.

லோயிஸ்


விஜயபுரம்,
15 அக்டோபர் 1934

அக்கா,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. அசரியாவை மூன்றாம் தேதி புதைத்தோம்.

தந்தி கொடுத்திருக்கலாம். புத்தூர் வரைக்கும் போக ஆள் இருந்தது. நான்தான் கொடுக்கவில்லை. இப்போதும் உன் கடிதம் வந்து ஆறு நாளாக எழுதாமல்தான் இருந்தேன். நீ பாட்டுக்கு வண்டியை எதிர்பார்த்து ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைக்கும்போது, இருக்கட்டும் என்று தோன்றியது. பிறகு அதுவும் சலித்துப்போய்விட்டது.

யார் அறுத்தது என்று கேட்டிருக்கிறாய். அவர்தான். அறுக்க மாட்டேன் என்றுதான் சொன்னார். "வாணாம் மணி. தொடவே கூடாதுன்னு டாக்டரு அவ்ளோ சொல்லிக்கினு போனாரு. போனா போவுது, ரெண்டு ஆட்ட அக்காவே எடுத்துக்கினு போவட்டும்" என்றார். கத்தியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தவள் நான். "தோலா உரிக்கச் சொன்னேன், காதுதானே" என்றேன். எனக்கு என் பதினொன்று வேண்டும். மூன்று வருஷமாக ஒவ்வொரு குட்டியையும் வலது காதைப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறேன், இன்னும் இரண்டை விட என்னால் முடியாது என்றும் சொன்னேன். உட்கார்ந்து அறுத்தார். அன்றைக்குக் காலையில்தான் கருவேல முள் அவர் கட்டைவிரலைக் கிழித்திருந்தது. அது எனக்குத் தெரியும். சாம்பல் வைத்துக் கட்டினதே நான்தான்.

மூன்றாம் நாள் விரலில் கொசு கடித்த மாதிரி ஒரு கொப்புளம். வலிக்கவில்லை என்றார். பிறகு நடுவில் கருப்பாகப் பொருக்கு விழுந்தது, கை முழங்கை வரை வீங்கியது. புத்தூருக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். "நான் ஆஸ்பத்திரில பட்த்துக்கினா ஆட்ட யாரு மேய்ப்பாங்க? பங்கு பிரிச்சிட்டு அக்கா ஓட்டிக்கினு போவட்டும், அப்பறம் போலாம்" என்றார். வீங்கின கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஆறு நாள் ஆட்டுக்குப் பின்னால் நடந்தார். ஏழாவது நாள் ஏரிக்கரையில் விழுந்துவிட்டார். மாடு மேய்க்கப் போயிருந்தவர்கள் தூக்கி வந்து போட்டார்கள். அதற்குப் பிறகு வண்டி கட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஒன்பது எனக்கு நிற்கும் என்று நீ எழுதின கடிதம் அவர் கண் மூடின அன்றைக்கு வந்தது. நல்லவேளை, படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் நானும் உன்னிடம் கேட்க வேண்டியிருக்கும், அவரிடம் கேட்க வேண்டியதை உன்னிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ள எனக்கு மனம் இல்லை. நீ என்னிடம் கேட்டதும் நான் உனக்குக் கொடுத்ததும் ஒரே கணக்குத்தான். அதை யாரும் பாதி பாதியாகப் பிரிக்க முடியாது.

எல்லா ஆட்டையும் வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தானம் வேண்டாம். பதினொன்று என்னுடையது, அதை எடுத்துக்கொள்வேன். மற்றதெல்லாம் உன்னுடையது. உனக்கும் அந்தக் கட்டில் காத்துக்கொண்டிருக்கிறது, அதை நான் மறக்கவில்லை. உன் பங்குக்கு வேறு ஆள் பார்த்துவிட்டு வந்து ஓட்டிக்கொண்டு போ. அதுவரைக்கும் நான் மேய்க்கிறேன். நாகையா நொண்டிக்கொண்டே வந்து குளம்புக்கு எண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

அவரைப் புதைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்கு வந்தபோது உச்சிவெயில் சாய்ந்துவிட்டது. உபதேசியார் ஜெபம் ஆரம்பித்தார். காலையிலிருந்து பட்டியைத் திறக்கவில்லை. ஆடுகள் பசியில் கத்துகிற கத்தலில் அவர் சொல்வது ஒருவருக்கும் கேட்கவில்லை. சத்தத்தை உயர்த்திப் பார்த்தார், பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பெண்கள் என்னைப் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவர்கள் கையை விலக்கிவிட்டு எழுந்து போய்ப் படலைத் திறந்தேன். ஆடுகள் வழக்கம்போல ஏரிப்பக்கம் திரும்பின. நானும் பின்னாலேயே போனேன். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தபோது துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள்.

நீ வருவதானால் அந்த நேரத்துக்கு வா. பகலில் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

மணி